யாரோ கழித்த குழல்

அமெரிக்காவில் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்காகக் குறிபார்த்துச் சுட வேண்டுமென்றால், ரைஃபிளின் குழலை மட்டும் தனியாகக் காசு கொடுத்து வாங்கி மாட்டிக்கொள்ளலாம். தேய்ந்தால் கழற்றி வைத்துவிட்டு வேறொன்று. மலிவு, நடுத்தரம், உசத்தி என்று வரிசையாக இருக்கும். பாலக்காட்டு எல்லையோரம் வேலந்தாவளத்தில் உட்கார்ந்து இதைப் படிக்கிறவனுக்குச் சிரிப்புத்தான் வரும். நம் சட்டத்தின் கண்ணுக்குக் குழலே ஆயுதம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் பாகங்களையும் ஆயுதக் கணக்கிலேயே சேர்த்திருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் குழலைக் குட்டையாக அறுக்கக் கூடாது என்று சொல்வதற்கே 6-ஆம் பிரிவு இருக்கிறது. ஆகையால் கையிலிருக்கும் காசுக்கு எந்தக் குழல் என்பதை எங்கள் பக்கத்தில் வாங்குகிறவன் முடிவு செய்ததே இல்லை. சண்டையில் ஜெயித்தவன் விட்டுவைத்ததும் பட்டாளம் கழித்ததும்தான் எங்கள் கைக்கு வந்து சேர்ந்தன. அதுவும் இல்லாத காலத்தில், சட்டம் கண்டுகொள்ளாமல் விட்டது.

நான் துப்பாக்கிக்காரன் இல்லை. மலம்புழை ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்துவிட்டு, எல்லை தாண்டிக் கோயம்புத்தூர் பஸ்ஸில் போய் வந்து, கணபதிப் பக்கத்து லேத் பட்டறைகளிலேயே காலத்தை ஓட்டியவன். பம்ப் ஷாஃப்ட், புஷ், ஸ்பிண்டில் என்று உருண்டையையும் ஓட்டையையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீளமான ஓட்டையை நேராகப் போடுவது எவ்வளவு சங்கடம் என்று தெரிந்தவன் ஆகையால், எந்தக் குழலைப் பார்த்தாலும் ஒரு முனையை வெளிச்சத்துக்குக் காட்டி மறுமுனையில் கண்ணை வைத்துப் பார்க்காமல் இருக்க முடியாது. பள்ளிக்கூடத்து என்.சி.சி.யில் பிடித்த பழக்கம்.

துப்பாக்கிகள் எங்கள் பக்கம் நிறையப் போய் வந்திருக்கின்றன. மேற்கு மலை இடைவெளி விடுகிற இடம் பாலக்காட்டுக் கணவாய். மைசூர்ப் படை மலையாளத்துக்கு இறங்கியதும், கும்பினிப் படை கடற்கரைக்கும் கோயம்புத்தூருக்குமாக அலைந்ததும் இதன் வழியாகத்தான். ஹைதர் அலி 1766-ல் பாலக்காட்டுக் கோட்டையைக் கட்டினார். 1768-ல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். சில மாதங்களில் ஹைதர் திரும்ப எடுத்துக்கொண்டார். 1783-ல் கர்னல் ஃபுல்லர்ட்டன் பிடித்தார், பிறகு விட்டுப் போனார். 1790-ல் கர்னல் ஸ்டூவர்ட் பிடித்ததோடு அந்தக் கைமாற்றம் முடிந்தது.

அந்தப் படைகளிடம் இருந்த குழல்கள் பெரும்பாலும் உள்ளே வரியில்லாத வழவழப்பானவை. நம் நாட்டுத் திரித் துப்பாக்கியின் குழலைக் கொல்லர்கள் துளைத்து எடுக்கவில்லை. இரும்புப் பட்டையைச் சுருளாகச் சுற்றி, காய்ச்சி, அடித்து ஒட்டவைத்தார்கள். டர்னர் இரும்பில் ஓட்டை போடுகிறவன். அவர்களோ ஓட்டையைச் சுற்றி இரும்பைக் கட்டினார்கள். சம்மட்டியும் துருத்தியும் மட்டும் வைத்துக்கொண்டு நாலடி நீளத்துக்கு அதைச் சாதித்திருக்கிறார்கள் என்பதை அருங்காட்சியகத்தில் பார்க்கும்போதெல்லாம் என்னால் நம்ப முடிவதில்லை. திப்பு இன்னும் ஒரு படி மேலே போனார். ஸ்ரீரங்கப்பட்டணம், பெங்களூர், சித்ரதுர்கா, பெத்னூர் என்று பட்டறைகள் வைத்து, பிரெஞ்சுக் கைவினைஞர்களையும் சேர்த்துக்கொண்டு, ஐரோப்பியத் துப்பாக்கிக்குச் சமமான சக்கிமுக்கித் துப்பாக்கிகளைச் செய்தார். 1799-ல் திப்பு விழுந்ததும் அந்தப் பட்டறைகளுக்கும் வேலை போயிற்று.

அடுத்து வந்தவர்கள் முதலில் செய்த காரியம் குழல்களைப் பிடுங்கியது. பாளையக்காரர் போர் முடிந்த சூட்டில், 1801 டிசம்பர் 1-ஆம் தேதி சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் தெற்குச் சீமையில் ஆயுதம் ஏந்துவதைத் தடுத்துப் பிரகடனம் போட்டார். கொங்கு நாட்டில் மிச்சமிருந்த தீரன் சின்னமலையை 1805-ல் சங்ககிரியில் தூக்கிலிட்டார்கள். மலபார்ப் பக்கம் கதை இன்னும் கொஞ்சம் நீண்டது. 1854-ல் மாப்பிள்ளை முஸ்லிம்களின் போர்க்கத்திக்கென்றே தனிச் சட்டம். மறுவருஷம் கலெக்டர் கானலி கொலையுண்டார். 1878-ல் நாடு முழுமைக்குமான ஆயுதச் சட்டம் வந்தது. அதன் விதிகளில் வெள்ளையருக்கு விலக்கு உண்டு, நமக்கு லைசென்ஸ். 1885-ல் தென்மலபாரில் வீடு வீடாக ஆயுதம் பறித்தபோது சேர்ந்தது 17,295 உருப்படி, அதில் துப்பாக்கி மட்டும் 7,503 என்று மலபார் கெசட்டியர் கணக்குச் சொல்கிறது. ஒரு மாவட்டத்தின் தென்பாதியில் மட்டும் அத்தனை துப்பாக்கி. எங்கோ ஒரு கொல்லன் அவற்றுக்கெல்லாம் குழல் அடித்திருக்கிறான். அந்தத் தொழில் போன இடமே தெரியாமல் போனது இப்படித்தான். குடகில் மட்டும் நிலைமை வேறு. அங்கே குடகர்களுக்கு வெள்ளைக்காரன் கொடுத்த விலக்கு இன்றைக்கும் நடப்பில் இருக்கிறது. 2019-ல் இன்னும் பத்து வருஷத்துக்கு நீட்டினார்கள்.

எங்கள் சித்தூர்த் தாலுகா அன்று கொச்சி ராஜ்யத்தின் துண்டு நிலம். ஒரு பக்கம் பிரிட்டிஷ் மலபார், இன்னொரு பக்கம் பிரிட்டிஷ் கோயம்புத்தூர். 1956-ல் கேரளம் உருவான பிறகு ராஜாவின் எல்லை போய் மாநில எல்லை வந்தது. துப்பாக்கி லைசென்ஸில் அது எந்தப் பகுதிக்குச் செல்லும் என்று எழுதியிருக்கும். அப்பாருக்கு, அதாவது என் தாத்தாவுக்கு, எல்லைக்கு அந்தப் பக்கமும் கொஞ்சம் கடலைக்காடு இருந்தது. இந்தப் பக்கத்துக் காட்டில் பன்றி வந்தால் துப்பாக்கி, அந்தப் பக்கத்துக் காட்டில் வந்தால் தகரடப்பா.

அப்பாரு வைத்திருந்தது எஸ்.பி.எம்.எல். லைசென்ஸ் புத்தகத்தில் அப்படித்தான் எழுதுவார்கள்: ஒற்றைக் குழல், வாய்வழியாக மருந்து கெட்டிப்பது. கோயம்புத்தூர்த் துப்பாக்கிக் கடையில் அவருடைய அப்பன் வாங்கியது. பயிர்க்காவலுக்கு ஏழை விவசாயிக்கு லைசென்ஸ் கிடைத்தால் அநேகமாக இதுதான் கிடைக்கும். அதற்கு மேல் போனால் பின்வழியாகத் தோட்டா போடும் எஸ்.பி.பி.எல்., அதற்கும் மேல் பண்ணையார் வீட்டு டி.பி.பி.எல்., இரட்டைக் குழல். இவற்றில் நிறைய பீகாரின் முங்கேரிலிருந்து வந்தவை. 1760-களில் மீர் காசிம் தலைநகரை அங்கே மாற்றி ஆயுதப் பட்டறை வைத்த காலத்திலிருந்து அந்த ஊருக்கு அதுதான் பிழைப்பு. அப்பாருவின் குழலுக்குள் வரி கிடையாது. குறியும் பெரிதாகக் கிடையாது. ரவையைப் போட்டு வெடித்தால் பன்றி ஓடும், பக்கத்துத் தோட்டத்து நாயும் ஓடும். ஆனால் ஒரு விஷயத்தில் அவர் கண்டிப்பு. வெடித்த அன்று ராத்திரியே கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றிக் குழலைக் கழுவி, துணி சுற்றித் துடைத்து, தேங்காயெண்ணெய் விட்டுத்தான் படுப்பார். “மருந்து உப்புடா கண்ணு, ராத்திரி முழுக்கத் தண்ணி குடிக்கும்” என்பார். வெடியுப்பு காய்ச்சுகிற தொழில் கோயம்புத்தூர்ச் சீமையில் இருந்த காலத்து ஆள் அவர். அந்த உப்பைப் பற்றி அவருக்குத் தெரியும். தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். முடிந்து திரும்பி வரும்போது குழலுக்குள் செம்மண் நிறத்தில் துரு பூத்திருக்கும். தேர்தலை அவருக்குப் பிடிக்காமல் போனதற்கு வேறு அரசியல் காரணம் எதுவும் இல்லை.

வரி வெட்டிய குழல், அதாவது நிஜமான ரைஃபிள், எங்கள் மாதிரி ஆட்களின் கைக்கு எப்படி வந்தது என்பதுதான் நான் சொல்ல வந்தது. குழலுக்குள் திருகலாக வெட்டிய காடிகள் குண்டைச் சுழற்றி அனுப்பும். சுழல்கிற குண்டு நேராகப் போகும். ஐரோப்பாவில் இது நானூறு வருஷத்துக்கு முன்பே தெரியும். ஆனால் பட்டாளம் முழுவதற்கும் அந்தக் குழலைக் கொடுக்க 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஆயிற்று. பிரிட்டிஷ் பட்டாளம் 1888-ல் .303 அங்குல அளவுள்ள லீ-மெட்ஃபோர்டை எடுத்தது. மெட்ஃபோர்டு வெட்டிய வரிகள் ஏழு, ஆழமில்லாமல் மழுங்கலாக இருக்கும். கரிமருந்தின் அழுக்கு ஒட்டக் கூடாது என்பதற்காக அப்படி. பிறகு கரிமருந்தை விட்டுவிட்டுக் கார்டைட் என்ற புகையில்லா மருந்துக்கு மாறினார்கள். கார்டைட்டில் பாதிக்கு மேல் நைட்ரோகிளிசரின்; அந்தச் சூட்டுக்கு மெட்ஃபோர்டின் மென்மையான வரிகள் தாக்குப்பிடிக்கவில்லை. 1895-ல் என்ஃபீல்டில் ஐந்து வரியாக, ஆழமாக, ஓரம் கூராக வெட்டத் தொடங்கினார்கள். 1901-ல் நைட்ரோகிளிசரினை 30 சதவீதத்துக்குக் குறைத்தார்கள். நீலகிரியில் அரவங்காடு கார்டைட் ஆலை தொடங்கியது 1903-ல். கோயம்புத்தூரிலிருந்து ஊட்டிக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் அதைத் தாண்டித்தான் போகிறார்கள். மேட்டுப்பாளையம் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ, அங்கே செய்த மருந்து எத்தனை ஆயிரம் குழல்களின் உள்தோலை உரித்தது என்று.

.303 குழல் வேண்டும் என்று சாதாரண ஆள் கேட்கவே முடியாது. பட்டாளத்தின் தோட்டா வெளியார் துப்பாக்கியில் நுழையக் கூடாது என்று அந்த அளவையே வெளியாருக்குத் தடை செய்துவிட்டார்கள். வேட்டைக்காரர்களுக்காக .315 என்று ஓர் அளவு வந்தது. அது ஆஸ்திரியாவின் பழைய மான்லிஷர் தோட்டா, 8 மி.மீ. ரைஃபிளைப் பார்த்தால் .303-க்கு உடன்பிறப்பு மாதிரி இருக்கும். குழல் மட்டும் வேறு. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு வங்காளத்தில் இச்சாபூர் ரைஃபிள் ஆலையே செய்தது. 1904-ல் பட்டாளத்துக்காகத் தொடங்கிய ஆலை அது. உலகத்தில் வேறெங்கும் செத்துப்போன அந்த ஆஸ்திரியத் தோட்டா, வெள்ளைக்காரனின் பயத்தால் இந்தியாவில் மட்டும் நூறு வருஷம் பிழைத்துக் கிடக்கிறது. இதைவிட வேடிக்கையான கதை துப்பாக்கிச் சரித்திரத்தில் இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் .315 குறிபார்த்துப் பழகுகிறவனின் குழல் இல்லை. தோட்டா விலை அதிகம், உதை அதிகம், சுடுவதற்குப் பெரிய மண்மேடு வேண்டும். பழகுவதற்கு வேண்டியது சின்னத் தோட்டா. அந்த வழியைப் பட்டாளமே காட்டியது. பெரிய ரைஃபிளின் குழலுக்குள் ஒரு சிறு குழாயைச் சொருகி, அதற்குள் பொடித் தோட்டாவைப் போட்டுச் சுடும் ‘மாரிஸ் டியூப்’ என்ற ஏற்பாடு 1880-களில் இங்கிலாந்தில் வந்தது. போயர் யுத்தம் 1899-ல் தொடங்கியபோது பட்டணத்துப் பையன்களுக்குச் சுடவே தெரியவில்லை என்பது பிரிட்டனுக்குத் தெரிந்துபோயிற்று. தளபதி ராபர்ட்ஸ் பிரபு ஊர் ஊராகச் சின்ன ரைஃபிள் கிளப்புகள் வேண்டும் என்றார். கூலிக்காரனுக்கும் கட்டுப்படியாகும் அந்தச் சின்னத் தோட்டாதான் .22. அமெரிக்காவில் 1887-ல் வந்த ‘லாங் ரைஃபிள்’ வகைதான் இன்று வரை உலகமெங்கும் ஓடுகிறது. 40 கிரெய்ன், அதாவது இரண்டரை கிராமுக்குச் சற்று மேல் கனமுள்ள ஈயக் குண்டு. குழலின் வரி 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று. ஈயம் மெத்தென்றது, மருந்து கொஞ்சம், சூடு கொஞ்சம். இந்தக் குழலை நூறு பையன்கள் சுட்டுத் தேய்த்துவிட முடியாது.

இந்தியாவில் அதே காலத்தில் ரேஞ்ச் போய்ச் சுட்டவர்கள் யார்? மலைத்தோட்டத்துத் துரைமார். தென்னிந்தியத் தோட்டக்காரர்களுக்கென்று ‘சதர்ன் பிராவின்ஸஸ் மவுண்டட் ரைஃபிள்ஸ்’ என்ற தன்னார்வப் படை இருந்தது. 1920-க்குப் பிறகு அது ஆக்சிலரி ஃபோர்ஸில் சேர்ந்தது, வெள்ளையருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் மட்டும். தோட்டத்தில் கொழுந்து கிள்ளிய நம் ஆட்களுக்கு அதில் கிடைத்திருக்கக்கூடிய வேலை குறிப்பலகை தூக்குவது. அதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

நம் முறை வந்தது 1948-ல், என்.சி.சி. சட்டத்தோடு. தொடங்கும்போது நாட்டிடம் பணமும் இல்லை, புது ரைஃபிளும் இல்லை. கழிந்துபோன .303 இருந்தது. இங்கேதான் எனக்குப் பிடித்த அத்தியாயம் வருகிறது. .303-இன் குழல் தேய்ந்துவிட்டால் அதைத் தூக்கிப் போடுவதில்லை. உள்ளே பெரிதாகத் துளைத்து, .22 வரி வெட்டிய மெல்லிய எஃகுக் குழாயை இறக்கி ஒட்டவைத்துவிடுவார்கள். பர்மிங்காமில் பார்க்கர் என்பவரின் கம்பெனி இதையே ஒரு தொழிலாக்கி ‘பார்க்கர்-ரைஃபிளிங்’ என்று பெயர் வைத்தது. எங்கள் ஊர்த் தோட்டத்து ஆயில் இன்ஜினுக்கு லைனர் மாற்றுகிற அதே வேலை. பிளாக் பழசு, ஓடுகிற மேற்பரப்பு மட்டும் புதுசு. வெளியே பார்த்தால் பட்டாளத்து ரைஃபிள், அதே கனம், அதே போல்ட், அதே ஸைட். உள்ளே சுண்டுவிரல்கூட நுழையாத ஓட்டை. என்.சி.சி. கையேட்டில் ‘.22 நம்பர் 2 மார்க் 4’ என்று வருகிறதே, அந்தக் குடும்பம் இதுதான். அதோடு ‘.22 டீலக்ஸ்’ என்று இன்னொன்றும் உண்டு. இரண்டுக்கும் சேர்த்து எங்களை மனப்பாடம் செய்யச் சொன்ன எட்டும் தூரம் 25 கஜம்.

கேம்ப்பில் எனக்குக் கிடைத்தது இப்படி லைனர் போட்ட ஒன்று. ஹவில்தார் பஞ்சாப்காரர். “லேட் கர் பொசிஷன்” என்றால் படுக்க வேண்டும், “காலி கர்” என்றால் காலி செய்ய வேண்டும். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் தமிழ், பாதிப் பேர் மலையாளம். இந்தி எவனுக்கும் வராது. ஆனால் அந்த இரண்டு கட்டளையும் இன்றைக்குத் தூக்கத்தில் கேட்டாலும் உடம்பு தானாக நடக்கும். ஐந்து ரவுண்டு கொடுப்பார்கள். சுட்டு முடித்துத் தாளைக் கொண்டுவந்தால் ஹவில்தார் குறி நடுவில் பட்டதா என்று பார்க்க மாட்டார். ஐந்து துளையும் எவ்வளவு நெருங்கி விழுந்திருக்கின்றன, அதாவது குரூப்பிங், அதைத்தான் பார்ப்பார். தள்ளி விழுந்தால் ஸைட்டைத் திருத்தலாம், சிதறி விழுந்தால் ஆளைத் திருத்த வேண்டும் என்பது அவர் கணக்கு. சில ரைஃபிள்கள் யார் சுட்டாலும் சிதறும். அப்போது அதை ‘கிழட்டுக் குழல்’ என்று சொல்லிவிட்டு, அடுத்த வரிசைக்காரன் தலையில் கட்டிவிடுவோம்.

பிற்பாடு பட்டறையில் வேலை கற்ற பிறகுதான் அந்தக் கிழட்டுக் குழல்களைக் கிழடாக்கியது எது என்று விளங்கியது. சுட்டதால் அல்ல, துடைத்ததால். குழல் துடைக்கப் புல்-த்ரூ என்று ஒரு கயிறு உண்டு. ஒரு முனையில் பித்தளைக் குண்டு, மறுமுனையில் சிந்தி என்கிற துணித்துண்டு. பின்பக்கம் கயிற்றை விட்டு முன்பக்கம் இழுப்பது. நேராக இழுத்தால் பிழை இல்லை. வரிசையில் நிற்கிற பையன் நேராகவா இழுப்பான்? தோளைச் சாய்த்து, ஒரு பக்கமாக வெடுக்கென்று இழுப்பான். கயிற்றில் மணல் ஒட்டியிருக்கும். வருஷக்கணக்கில் அது குழலின் வாயை ஒரு பக்கமாக அறுக்கும். குண்டு குழலை விட்டு வெளியேறும் கடைசி இடம் அந்த வாய்தான். அங்கே ஒரு பக்கம் முன்னால் காற்றுக் கசிந்தால் குண்டு தலையாட்டிக்கொண்டு போகும். பட்டாளத்தில் இதற்கு ‘கயிற்றுத் தேய்மானம்’ என்றே பெயர் உண்டு. முதல் உலகப் போருக்கு முன்பே ஆர்மரர்கள் இதைப் பற்றிப் புலம்பியிருக்கிறார்கள். துடைப்பதை விடவும் முடியாது. வெகுகாலம் வரை தோட்டாவைப் பற்றவைக்கும் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. வெடித்தபின் குழலுக்குள் தங்குவது குளோரைடு, சமையலுப்பின் தாயாதி. பட்டாளத்து விதி அதைக் கொதிநீரால் கழுவச் சொல்லியது. அப்பாரு எந்தப் பட்டாளத்திலும் இருந்ததில்லை, கையேடு எதுவும் படித்ததில்லை. உப்பைப் பார்த்த ஆள், அவ்வளவுதான்.

வரி எண்ணிக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதிக வரி இருந்தால்தான் நல்ல குழல் என்று நினைக்கிறவர்கள் உண்டு. இரண்டாம் உலகப் போரில் அவசரத்துக்கு அமெரிக்காவின் சாவேஜ் ஆலை பிரிட்டனுக்காகச் செய்த .303 ரைஃபிள்களில் பலவற்றுக்கு இரண்டே வரிதான் வெட்டினார்கள். ஐந்து வெட்ட நேரமில்லை. சோதித்துப் பார்த்தால் சிப்பாய்க்கு வேண்டிய குறி அப்படியே இருந்தது. நானும் எத்தனையோ ஜாப் செய்திருக்கிறேன். வாடிக்கையாளர் டிராயிங்கில் போட்ட டாலரன்ஸில் பாதி பயத்தால் போட்டது, தேவையால் அல்ல. குழலில் விலை ஏற்றும் சமாச்சாரங்களிலும் நிறைய அப்படித்தான். ஓட்டை நேராக, முழு நீளத்துக்கும் ஒரே அளவாக, வாய் சுத்தமாக இருந்தால் பொழுதுபோக்குக்காரனுக்குப் போதும்.

ஊருக்குள் பொழுதுபோக்குச் சுடுதல் வேறொரு வழியாக வந்தது. தேர்த் திருவிழாவில் ராட்டினத்துக்குப் பக்கத்தில் பலூன் கட்டிய பலகை. சித்தூரில் கும்ப மாசம் கொங்கன்படை நடக்கும். கொங்கு ராஜாவின் படையைத் தோற்கடித்ததைக் கொண்டாடும் விழா. நாங்கள் கொங்குத் தமிழ் பேசுகிறவர்கள் போய், எங்கள் பாட்டன் தோற்றதைக் கைதட்டிப் பார்த்துவிட்டு, கதினா வெடி அதிர்வதைக் கேட்டுவிட்டுத் திரும்புவோம். இப்படி எந்தத் திருவிழாக் கூட்டத்துக்குப் போனாலும் ஏர்கன்காரன் ஒருவன் இருப்பான். நடுவில் மடித்துப் பெல்லட் போடும் ஏர்கன். அந்தச் செய்முறை ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே வந்துவிட்டது. இங்கே ஓடியது அதன் உள்நாட்டு நகல்கள். குறி தப்பினால் குழல் கோணல் என்று எல்லாரும் சொல்வார்கள். நான் ஒரு தடவை கடைக்காரரிடம் கேட்டு வாங்கிக் குழலை வெளிச்சத்துக்குக் காட்டிப் பார்த்தேன். ஓட்டை நேராகத்தான் இருந்தது. முன் ஸைட்டை யாரோ குறட்டால் ஒரு மில்லிமீட்டர் தள்ளி வைத்திருந்தார்கள். “அண்ணா, பொழப்பைக் கெடுத்துடாதீங்க” என்றார். கெடுக்கவில்லை. வலது பக்கம் ஒரு விரல் தள்ளிக் குறிவைத்து என் பேத்திக்கு ஒரு பிளாஸ்டிக் தட்டு ஜெயித்துக் கொடுத்தேன்.

தேசிய அளவில் 1951-லேயே ரைஃபிள் சங்கம் வந்துவிட்டது, மக்களவையின் முதல் சபாநாயகர் மாவ்லங்கர் தலைமையில். ஆனால் நல்ல குழல் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும். 1980-களில் தனியார் துப்பாக்கி இறக்குமதியையும் நிறுத்தினார்கள், பெயர்பெற்ற வீரர்களுக்கு மட்டும் விலக்கு. அதனால் பல கிளப்புகளில் புதிதாகச் சேர்கிறவன் தொட்டது இச்சாபூர் .22 அல்லது யாரோ சுட்டு முடித்த வெளிநாட்டு ரைஃபிள். 2008-ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் தங்கம் வாங்கியதும், சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012-ல் லண்டனில் வெண்கலம் வாங்கியதும் ஊர்ப் பையன்களின் கண்ணை ஏர் ரைஃபிள் பக்கம் திருப்பிவிட்டன. அந்தப் போட்டியில் பத்து மதிப்பெண்ணுக்கு உரிய புள்ளி அரை மில்லிமீட்டர். குழல் 4.5 மி.மீ. பெல்லட்டுக்கு இருக்கும் ஆற்றல் சுமார் 8 ஜூல்.

இதற்கு லைசென்ஸ் வேண்டாம் என்று 2016 ஆயுத விதிகள் தெளிவாகச் சொல்லிவிட்டன: 0.177 அங்குலத்துக்கு மிகாத குழல், 20 ஜூலுக்கு மிகாத ஆற்றல். 1801-க்குப் பிறகு எங்கள் பக்கத்து ஆள் ஒருவன் யார் கையெழுத்தும் இல்லாமல் கடையில் போய் வரி வெட்டிய நல்ல குழலைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற நிலைமை இப்போதுதான் வந்திருக்கிறது. அந்தக் குழலும் இங்கேயே கிடைக்கிறது. மகாராஷ்டிரத்தில் ஆழ்துளை எந்திரங்கள் செய்துகொண்டிருந்த பிரிசிஹோல் கம்பெனி, துளை போடத்தான் தெரியுமே என்று ஏர் ரைஃபிளே செய்யத் தொடங்கியது. கோயம்புத்தூரில் கன் ட்ரில் வைத்து மோல்டுக்குத் தண்ணீர்த் துளை போட்ட எனக்கு அதைக் கேட்டதும் ஒரு சந்தோஷம், கொஞ்சம் பொறாமை.

காட்டுப்பன்றிக்கு இது உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், கேட்கிறவர்கள் அதிகம். அது 12-போர் ஷாட்கன் சமாச்சாரம். கேரளத்தில் 2022-லிருந்து பஞ்சாயத்துத் தலைவரே உத்தரவு போட்டு, லைசென்ஸ் உள்ளவரை வைத்துச் சுடச் சொல்லலாம். தமிழ்நாட்டில் 2025-ல் வந்த உத்தரவு வேறு மாதிரி: காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் மட்டும், அதுவும் வனத்துறை ஆட்கள்தான் சுட வேண்டும். அப்பாருவின் கடலைக்காட்டுப் பன்றிக்கு எல்லை இன்னும் உபகாரமாகத்தான் இருக்கிறது.

அக்கா மகன் கொழிஞ்சாம்பாறையில் கடை வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் சுட்டுப் பழக ஆசை. “மாமா, எந்தக் கன் வாங்கறதுங்க? கொறஞ்ச விலையில நல்ல பேரலா சொல்லுங்க” என்று போனில் பிடித்துக்கொண்டான். விலை கூடினால் குழல் கொஞ்சம் நன்றாக இருக்கும், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே குழல் ஒரு டப்பா பெல்லட்டை ஒட்டியொட்டிப் போடும், இன்னொரு டப்பாவைச் சிதறடிக்கும். பெல்லட்டின் தலை அளவு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு மாறினாலே அப்படி. ஆகவே துப்பாக்கியில் மிச்சம் பிடித்து, நாலைந்து வகைப் பெல்லட் வாங்கச் சொன்னேன். ஒவ்வொன்றிலும் ஐந்து சுடு, ஹவில்தார் மாதிரி துளையைச் சேர்த்துப் பார், எது நெருங்கி விழுகிறதோ அதையே பிடித்துக்கொள் என்றேன். பின்னால் மண்மூட்டை அடுக்காமல் ஒன்றுகூடச் சுடாதே என்றும் சொன்னேன். ஈயப் பெல்லட்டில் உப்பும் இல்லை, மருந்தும் இல்லை. துருப்பிடிக்க ஒன்றும் கிடையாது, குழலை அடிக்கடி குடையாதே என்றேன். எல்லாவற்றுக்கும் “சரிங்க மாமா” என்றான். நேற்று பார்சல் வந்தது. துப்பாக்கியோடு ஒரு எஃகு க்ளீனிங் ராடும் ஆர்டர் போட்டிருக்கிறான். அதை அவன் கையில் கொடுப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.